வாய் பிளந்த காக்கை, வாய் மூடிய புறா

தருமபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கத்திரி வெயில் நாளில் மதியம் இரண்டு மணிக்கு எங்கள் கொல்லைப் புளியமரத்தைப் பார்த்தால் ஒரு காக்கை இருக்கும். அலகு பிளந்திருக்கும், தொண்டை துடிக்கும். இறக்கைகளை உடம்போடு ஒட்டாமல் அகட்டி வைத்திருக்கும். அதே மரத்தில் நாலு கிளை தள்ளி ஒரு கள்ளிப்புறா, அலகை மூடிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும். பாலக்கோடு பக்கம் முப்பது வருஷம் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்தியவன் நான். இந்த இரண்டு பறவைகளையும் காட்டித்தான், பறவை வெயிலை எப்படித் தாங்குகிறது என்ற பாடத்தைத் தொடங்குவேன்.

பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. நம் உடம்புச் சூடு 37 டிகிரி என்றால், பறவைக்குப் பெரும்பாலும் 40-லிருந்து 42 வரை. வெளியே 35 டிகிரி இருக்கும்வரை உடம்புச் சூடு தானாகக் காற்றில் கலந்துவிடும். வெயில் 41-ஐத் தொட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். பிறகு ஒரே வழிதான்: உடம்பிலிருக்கும் ஈரத்தை ஆவியாக்குவது. ஒரு மில்லி தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். அரை லிட்டருக்கும் அதிகமான தண்ணீரை ஒரு டிகிரி குளிர வைக்க அது போதும்.

காக்கை இதை மூச்சிரைத்துச் செய்கிறது. வாயிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்தின்மீது காற்றை வேகவேகமாக ஓட்டுகிறது. மைனாவும் சிட்டுக்குருவியும் கொண்டைக்குருவியும் இப்படித்தான். இதில் ஒரு கஷ்டம் உண்டு. இரைப்பதும் உடம்புக்கு வேலைதானே? அந்த வேலையே கொஞ்சம் சூட்டைக் கிளப்பும்.

புறாவின் கதை வேறு. அதன் தோல் வழியாகவே ஈரம் ஆவியாகிவிடும். மண்பானை கசிந்து உள்ளே தண்ணீரைக் குளிர வைக்கிறதே, அதுபோல. துளி எதுவும் கண்ணுக்குத் தெரியாது, இரைப்பும் தேவைப்படுவதில்லை. கிருஷ்ணகிரி அணைப் பக்கம் பாறையில் நிற்கும் நீர்க்காகத்துக்கு இன்னொரு வழி: தொண்டைச் சவ்வை மட்டும் படபடவென்று அடித்துக்கொள்ளும்.

எந்த வழியானாலும் செலவாவது தண்ணீர். அதனால்தான் பறவை மற்ற இடங்களில் அவ்வளவு கெட்டியாகச் சேமிக்கிறது. எச்சத்தில் வெள்ளையாக இருக்கிறதே, அதுதான் அதன் சிறுநீர். தண்ணீர் விரயமாகாதபடி யூரிக் அமிலமாக, பசை மாதிரி வெளியேற்றுகிறது. தண்ணீர் கிடைக்காத நாளில் உடம்புச் சூட்டை இரண்டு மூன்று டிகிரி ஏறவிட்டுத் தாங்கிக்கொண்டு, சாயங்காலக் காற்றில் இறக்கிக்கொள்வதும் உண்டு.

கோழி வளர்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெயில் காலத்தில் எங்கள் அம்மா முட்டையை எடுத்துப் பார்த்து, “ஓடு தோலாட்டம் இருக்குதுடா” என்பார். தீனி சரியில்லை என்று நினைத்தோம். வெயிலும் காரணம் என்று பின்னால் படித்துத்தான் புரிந்தது. கோழி இரைக்க இரைக்க ரத்தத்திலிருந்து கரியமில வாயு வெளியேறிவிடும். முட்டை ஓடு கால்சியம் கார்பனேட். அந்தக் கார்பனேட்டுக்கு வேண்டியது ரத்தத்தில் குறைந்தால் ஓடு மெலியும். தகரக் கொட்டகை என்றால் மேலே தென்னங்கீற்றைப் போட்டுவிடுங்கள், தண்ணீர்த் தொட்டியை நிழலில் வையுங்கள்.

என்னை உலுக்கியது ஆள்காட்டிக் குருவிதான். ஒரு மே மாதம், கொல்லையோரம் சரளைக் கல்லுக்கு நடுவே நான்கு முட்டைகள். கல்லுக்கும் முட்டைக்கும் வித்தியாசமே தெரியாது. அடைகாப்பது சூடு கொடுக்கத்தானே? அந்த மதியத்தில் அது முதலில் முட்டைமேல் உட்காரவில்லை, குடை பிடித்த மாதிரி நின்று நிழல் கொடுத்தது. பிறகு கிணற்று வாய்க்காலுக்குப் பறந்தது. வயிற்றைத் தண்ணீரில் அழுத்தி நனைத்துக்கொண்டு, சொட்டச் சொட்ட வந்து முட்டைமேல் அமர்ந்தது. தன் உடம்பைக் குளிர வைக்கவே தண்ணீர் போதாத நேரத்தில், முட்டைக்கும் சேர்த்துச் சுமந்தது. வாய்க்காலில் ஈரம் இருக்கும்வரைதான் அதனால் அப்படிச் செய்ய முடியும். மோட்டார் ஓடாத நாட்களில் அந்த வாய்க்காலுக்கு இரண்டு குடம் ஊற்றினேன்.

வீட்டில் தண்ணீர் வைக்க நினைப்பவர்கள், ஆழமில்லாத மண்சட்டியாகப் பாருங்கள். நடுவில் ஒரு கல் போட்டால் சிட்டுகள் நின்று குடிக்கும். பூனை பதுங்கும் செடிப் புதருக்குப் பக்கத்தில் வேண்டாம். தினமும் கழுவி ஊற்றுங்கள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் ஒன்று புரியும். காக்கை ஒரு வாய் மொண்டு, அண்ணாந்து விழுங்கும். புறா அலகை அமிழ்த்தி, தலையைத் தூக்காமல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காய்ந்த தானியம் தின்கிற பறவை அது, அதற்குத் தண்ணீர் அவசியம். பூச்சி தின்னும் கரிச்சான் அவ்வளவாக வருவதில்லை, இரையிலேயே ஈரம் கிடைத்துவிடுகிறது.

காலையில் நான் நிரப்பும் சட்டி மதியம் இரண்டுக்குள் காலியாகிவிடுகிறது. இப்போதெல்லாம் அந்த நேரத்துக்கு இன்னொரு முறை நிரப்புகிறேன்.

நன்றி, வணக்கம்.