4 டன் கூலருக்கு 14 கிலோவாட் வேண்டுமா?

வணக்கம் மக்களே. கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு பால் சொசைட்டியில் நிற்கிறேன். பின்னால் பளபளவென்று தெரிகிறதே, அதுதான் பல்க் கூலர், பாலைக் குளிர வைக்கும் தொட்டி. மணி மாலை 5. கேனும் தூக்குவாளியுமாக ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். கூலருக்குத் தனியாக ஒரு மீட்டர் இருக்கிறது. ரீடிங்கைக் குறித்து வைத்துவிட்டேன், கடைசியில் திரும்பவும் பார்ப்போம்.

இந்த வீடியோ போடக் காரணம் இங்கே செயலாளர் அண்ணன் கேட்ட ஒரு கேள்வி. யாரோ அவரிடம், "4 டன் மெஷின், ஒரு டன்னுக்கு மூன்றரை கிலோவாட், ஆக 14 கிலோவாட்டுக்கு லோடு ஏற்றி வாங்குங்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். லோடு என்பது கரண்ட் இணைப்புக்கு நாம் பதிந்து வைக்கிற அளவு. அது ஏறினால் மாதாமாதம் கட்டணமும் ஏறும். மாடு வளர்ப்பவர்கள் லிட்டர் கணக்கில் சேர்த்த காசு அது. அதனால்தான் இதை நிதானமாகச் சொல்ல நினைக்கிறேன்.

ஒரு டன் என்றால் 3.517 கிலோவாட், அந்தக் கணக்கில் தப்பில்லை. ஆனால் அது மெஷின் பாலிலிருந்து எடுக்கிற சூடு. மெஷின் இழுக்கிற கரண்ட் வேறு. இரண்டையும் கிலோவாட் என்றே எழுதுவதால்தான் இந்தக் குழப்பம்.

டன் என்ற பேர் ஐஸிலிருந்து வந்தது. சென்னையில் கடற்கரை ஓரம் ஐஸ் ஹவுஸ் பார்த்திருப்பீர்கள், இப்போது விவேகானந்தர் இல்லம். 1842-ல் கட்டியது. அமெரிக்காவில் ஏரி உறைந்ததும் ஐஸை வெட்டிக் கப்பலில் ஏற்றி, இங்கே கொண்டுவந்து சேமித்து வைத்த இடம். பிற்பாடு குளிர்பதன மெஷின் வந்தபோது, "ஒரு நாளைக்கு எத்தனை டன் ஐஸ் செய்கிற வேலையை இது செய்யும்?" என்று அளந்தார்கள். அமெரிக்க டன் 2,000 பவுண்டு, சுமார் 907 கிலோ. அவ்வளவு ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எடுத்துக்கொள்கிற சூடுதான் ஒரு டன். பிடியூ என்ற சூட்டு அளவில் மணிக்கு 12,000, கிலோ கலோரியில் 3,024.

சரி, நம்ம கரண்ட் யூனிட்டுக்கு வருவோம். ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அதை அப்படியே சூடாகக் கணக்கிட்டால் 860 கிலோ கலோரி. 3,024-ஆல் வகுத்தால் 0.284 டன்-மணி. ஒரு டன் மெஷின் ஒரு மணி நேரத்தில் எடுக்கிற சூடுதான் ஒரு டன்-மணி. டன் வேகம் மாதிரி, டன்-மணி போன தூரம் மாதிரி. வேகத்தை யூனிட்டோடு ஒப்பிடக் கூடாது, தூரத்தைத்தான் ஒப்பிட வேண்டும்.

அப்புறம் முக்கியமான விஷயம். கம்ப்ரசர் குளிரை உண்டாக்குவதில்லை. பாலில் இருக்கிற சூட்டை எடுத்து வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். சுமக்கிற கூலி மட்டும்தான் கரண்ட். ஒரு யூனிட் கூலிக்கு இரண்டரை, மூன்று யூனிட் சூட்டைச் சுமக்கும். இந்த விகிதத்தைத்தான் சிஓபி என்கிறோம். ஆக இந்த 4 டன் கூலர் இழுப்பது சுமார் 5 கிலோவாட், சுடு வெயிலில் ஐந்தரை. பாலைக் கலக்குகிற மோட்டாருக்கும் ஃபேனுக்கும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டாலும் 14 பக்கத்தில்கூட வராது.

வீட்டு ஏசியும் இப்படித்தான். ஒன்றரை டன் ஏசி ஸ்டிக்கரில் 5,200 வாட் சொச்சம் போட்டிருந்தால் பயப்படாதீர்கள், அது குளிர்விக்கும் திறன். கரண்ட் 1,500 வாட் அளவில் இருக்கும்.

இன்றைக்கு வந்த பால் 600 லிட்டர், எடை 618 கிலோ. 35 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்கு இறக்க வேண்டும், 31 டிகிரி. ஒரு கிலோ பாலை ஒரு டிகிரி இறக்க 0.93 கிலோ கலோரி எடுக்க வேண்டும். பெருக்கினால் ஏறக்குறைய 17,800. அதாவது 5.9 டன்-மணி. யூனிட்டில் சொன்னால் 20.7 யூனிட் சூடு. சிஓபி இரண்டரை என்று வைத்தால் 8.3 யூனிட் கரண்ட் ஆக வேண்டும்.

போன ஏப்ரலில் இதே 600 லிட்டருக்கு 12 யூனிட் ஓடியது. 20.7-ஐ 12-ஆல் வகுத்தால் சிஓபி 1.7தான். கூலருக்குள் ஓடுகிற குளிர்பதன கேஸ் குறைந்துவிட்டது என்று முதலில் நானும் நினைத்தேன், நிரப்பவும் தயாரானேன். சூட்டை வெளியே கொட்டுகிற கண்டென்சரைத் திறந்து பார்த்தால் தகடுகளுக்கு நடுவே ஒரே புழுதி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இந்தப் பக்கம் வீசுகிற வீச்சு தெரியுமே, ரோட்டு மண் எல்லாம் அங்கேதான் போய் அடைந்திருந்தது. சூட்டைக் கொட்ட வழி இல்லாமல் கம்ப்ரசர் திணறியிருக்கிறது. மெயினை அணைத்துவிட்டு, தகடு வளையாமல் தண்ணீர் மெதுவாகப் பாய்ச்சிக் கழுவினேன். கேஸ் கொஞ்சம் கூடப் போடவில்லை. மறுநாள் 9 யூனிட்டுக்குக் கீழே வந்துவிட்டது.

மணி இப்போது 7.40. பால் 4 டிகிரி, கம்ப்ரசர் நின்றுவிட்டது. மீட்டரைப் பாருங்கள், 8.6 யூனிட் ஓடியிருக்கிறது. 20.7 வகுத்தல் 8.6, அதாவது சிஓபி 2.4. செயலாளர் அண்ணன் நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டிருக்கிறார். லோடு ஏற்றித் தரச் சொல்லி எழுதிய மனுவை நாளைக்கு அனுப்பப் போவதில்லை என்கிறார்.