இது நிஜமாகவே கயிறு திரிக்கிற வீடியோ: வேட்டை நாய்க்குத் தாங்குகிற கயிறு

வணக்கம், எல்லாரும் பசியாறியாச்சா? நான் மலேசியாவில், பினாங்கு மாநிலத்துச் சுங்கை பாக்காப்பில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறேன். மேலே தகரக் கூரை. மழை வந்தால் நான் பேசுவது உங்களுக்குக் கேட்காது, அதனால் சீக்கிரம் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

இதைப் பாருங்கள். கேமராவுக்குக் கிட்டே கொண்டு வருகிறேன். நாய்க் கயிற்றின் கொக்கி, அதில் பாதி. மீதிப் பாதி செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்துக்குள் எங்கேயோ கிடக்கிறது. மேலே தங்க நிறத்தில் பளபளவென்று இருக்கிறதா? உடைந்த இடத்தைப் பாருங்கள். சாம்பல் நிறம், சீனியைக் கொட்டிவைத்த மாதிரி பொருபொருவென்று இருக்கிறது. இதைப் 'பித்தளை' என்று சொல்லித்தான் எனக்கு விற்றார்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் நடந்தது. சாயங்காலம் மாமாவோடு தோட்டத்து ஓரத்தில் மிளகுக்கு மோப்பப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். மிளகு எங்கள் வீட்டு நாய். தோட்டத்து நாட்டு நாய்தான், 22 கிலோ, கறுப்பு. பரிட்டிலிருந்து, அதாவது தோட்டத்து வாய்க்காலிலிருந்து, ஒரு உடும்பு மேலே ஏறி வந்தது. அவ்வளவுதான், கையில் பட்டை இருக்கிறது, நாய் இல்லை. நாற்பது நிமிடம் கழித்து உடம்பெல்லாம் சேறும் கீறலுமாகத் திரும்பி வந்தாள். அவள் ஓடியது உள்பக்கம். ரோட்டுப் பக்கம் ஓடியிருந்தால், அங்கே மணல் லோரிகள் போகிற வேகம் உங்களுக்கே தெரியும்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பட்டை அறவில்லை, தையலும் விடவில்லை. கொக்கியின் கழுத்து, அதாவது சுழல்கிற இடம், அங்கேதான் போயிருக்கிறது. இத்தனை வருஷமாக நான் கயிறு வாங்கும்போது பட்டையை மட்டும்தான் இழுத்துப் பார்த்திருக்கிறேன். கொக்கியை ஒரு தடவை கூடப் பார்த்ததில்லை.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம், பயப்படாதீர்கள், படிவம் மூன்று அறிவியல்தான். 22 கிலோ நாய், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிறு தொய்வாக இருந்து திடீரென்று இறுகுகிறது. கயிறும் உங்கள் கையும் சேர்ந்து 30 சென்டிமீட்டர் கொடுத்து நாயை நிறுத்தினால், சராசரியாகச் சுமார் 260 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு வரும். இது சராசரிதான், உச்சத்தில் இன்னும் கூடும். கயிறு துளியும் கொடுக்காமல் பத்தே சென்டிமீட்டரில் நின்றால் மூன்று மடங்கு. 'என் நாய் 22 கிலோதானே, 50 கிலோ தாங்குகிற கயிறு போதும்' என்று நினைத்தால் முடிந்தது கதை. அந்த இழுப்பு முழுவதும் நாயின் கழுத்தில் இறங்கும், அதையும் மறக்காதீர்கள். நீளக் கயிற்றைக் கழுத்துப்பட்டையில் மாட்டாதீர்கள், மார்பைச் சுற்றி வருகிற ஹார்னஸில் மாட்டுங்கள்.

சரி, கொக்கி. சந்தையில் மலிவாகக் கிடைப்பதில் பெரும்பாலானவை துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்து மேலே முலாம் பூசியவை. அது வளையாது, ஒரே அடியாக முறிந்துவிடும். காந்தம் வைத்துப் பார்த்து வாங்குங்கள் என்று பலபேர் சொல்கிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன். ஆனால் காந்தம் பித்தளையிலும் ஒட்டாது, துத்தநாகத்திலும் ஒட்டாது! உள்ளே இரும்பா என்று மட்டும்தான் அது சொல்லும். நான் இப்போது செய்வது வேறு. வாங்கி வந்ததும், கண்ணில் படாத ஒரு மூலையில் அரத்தால் இரண்டு இழு. உள்ளேயும் மஞ்சளாக இருந்தால் பித்தளை. வெள்ளையாகவோ சாம்பலாகவோ தெரிந்தால் அதில் சாவிக்கொத்து மாட்டிக்கொள்ளலாம். கையில் தூக்கினாலே வித்தியாசம் தெரியும், ஒரே அளவில் பித்தளை நன்றாகவே கனக்கும்.

ஸ்டெயின்லஸ் ஸ்டீல் கொக்கியும் நல்லதுதான். கடற்கரைக்குக் கூட்டிப் போகிறவர்கள் 316 ரகம் என்று கேட்டு வாங்குங்கள், உப்புத் தண்ணீரை 304-ஐ விட அது நன்றாகத் தாங்கும். வளையத்தையும் பாருங்கள். 'டி' வடிவ வளையத்தில் இரண்டு முனையும் சேருகிற இடம் பற்றவைத்திருக்க வேண்டும். சும்மா வளைத்து நெருக்கிவிட்டிருந்தால், பெரிய இழுப்பில் வாய் திறந்துகொள்ளும்.

நான் பித்தளைக் கொக்கி வாங்கியது பினாங்குத் தீவில், பெங்காலான் வெல்ட் பக்கம் படகுச் சாமான் விற்கிற ஒரு பழைய கடையில். நாய்ச் சாமான் கடையில் கிடைக்காத தரம் அங்கே கிடைத்தது. காரணம் சுலபம், படகுக்காரனிடம் முலாம் பூசி ஏமாற்ற முடியாது. கயிறும் அங்கேயே வாங்கினேன். மலாயில் கயிறுக்குப் பெயர் 'தாலி'. என் மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 'தாலி எவ்வளவு?' என்று தவுக்கேயிடம், அதாவது கடை முதலாளியிடம், கேட்டேன், மனைவி முறைத்த முறை இருக்கிறதே!

எந்தக் கயிறு? பாராகார்டில், அதாவது பாராசூட்டுக்குப் பயன்படுத்துகிற மெல்லிய நைலான் கயிற்றில், பின்னிய கயிறு இப்போது எல்லாரும் விற்கிறார்கள், பார்க்க அழகு. அதில் 550 என்று போட்டிருப்பது 550 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 250 கிலோ. ஒற்றை இழையை நேராக, மெதுவாக இழுத்தால் தாங்குகிற கணக்கு அது. நம்முடைய 260-க்கு அங்கேயே பத்து குறைகிறது. அதில் ஒரு முடிச்சைப் போடுங்கள், முடிச்சு விழுந்த இடத்தில் கால் பங்கிலிருந்து பாதி பலம் வரை போய்விடும். நாலு இழை சேர்த்துப் பின்னியது என்றால் பரவாயில்லை, ஒற்றை இழை வேண்டவே வேண்டாம்.

நைலான் கயிறு நன்றாக இழுபட்டுக் கொடுக்கும், அதனால் நாய்க்கு அதிர்ச்சி குறைவு. ஆனால் தண்ணீர் குடிக்கும், நனைந்தால் பலமும் கொஞ்சம் இறங்கும். பாலியெஸ்டர் தண்ணீர் குடிப்பது ரொம்பக் குறைவு, வெயிலையும் தாங்கும். சந்தையில் நீலக் கலரில் தொங்குகிற பாலிப்ரோப்பிலீன் கயிறு தண்ணீரில் மிதக்கும், அது ஒன்றுதான் அதன் பெருமை. நம் ஊர் வெயிலில் கிடந்தால் பொடிப்பொடியாக உதிர ஆரம்பித்துவிடும். நான் எடுத்தது 12 மில்லிமீட்டர் பாலியெஸ்டர், முப்புரிக் கயிறு. மூன்று புரி சேர்த்து முறுக்கியது. ஏன் முப்புரி என்றால், முடிச்சே போடாமல் கொக்கியை மாட்டலாம்.

இந்த வேலையை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் வேலையிடத்தில் காவலுக்கு இருக்கிற ஒரு பாக்சிக், அதாவது மலாய் முஸ்லிம் பெரியவர். முன்பு தெலுக் கும்பாரில் கடலுக்குப் போனவர். கயிற்றை நீட்டினேன். 'இது புதுசுதானே, நாய் இன்னும் தொடவில்லையே?' என்று சிரித்துக்கொண்டே கேட்டு உறுதி செய்துகொண்டார். அப்புறம் சாப்பாட்டு நேரம் முழுக்க எனக்காகவே உட்கார்ந்தார்.

இப்போது கையைப் பாருங்கள். கயிற்றின் முனையை ஒரு சாண் நீளத்துக்குப் பிரித்துவிடுகிறேன். மூன்று புரி தனித்தனியாக வந்துவிட்டதா? ஒவ்வொரு முனையிலும் டேப் சுற்றுகிறேன், இல்லாவிட்டால் துடைப்பம் மாதிரி விரியும். கொக்கியின் கண்ணுக்குள் விட்டு மடக்குகிறேன். இப்போது உடம்புக் கயிற்றை எதிர்ப்பக்கம் லேசாக முறுக்கினால், புரிகளுக்கு நடுவில் வாய் திறக்கும், தெரிகிறதா? நடுப் புரியை அதில் ஒன்றுக்கு அடியில் நுழைக்கிறேன். இடது புரி அடுத்ததற்கு அடியில். மூன்றாவதுதான் எல்லாரும் தப்புப் பண்ணுகிற இடம். கயிற்றை மறுபக்கம் திருப்பி, மிச்சமிருக்கிற ஒன்றுக்கு அடியில், மற்ற இரண்டு போன அதே திசையிலேயே போக வேண்டும். ஒரே வாயில் இரண்டு புரி நுழைந்திருந்தால் அவிழ்த்துவிட்டு மறுபடியும் ஆரம்பியுங்கள். எனக்கு நாலு தடவை அவிழ்க்க வேண்டியிருந்தது. பாக்சிக் ஒன்றும் சொல்லவில்லை, தே தாரேக்கை (இழுத்து ஆற்றிய தேநீர்) குடித்துக்கொண்டே பார்த்தார்.

முதல் சுற்று சரியாக விழுந்தால், அப்புறம் ஒன்றுக்கு மேல், ஒன்றுக்கு அடியில் என்று போய்க்கொண்டே இருக்கலாம். பழைய சணல் கயிற்றுக்கு மூன்று சுற்று போதுமாம். இது வழுக்குகிற இழை, அதனால் குறைந்தது ஐந்து. நான் ஆறு போடுகிறேன். ஒவ்வொரு சுற்றையும் இறுக்கி, கடைசியில் தரையில் போட்டுச் செருப்புக் காலால் உருட்டினால் உள்ளே உட்கார்ந்துகொள்ளும். முடிச்சு கால் பங்கையாவது தின்றுவிடும் என்றேன் இல்லையா? ஒழுங்காகப் போட்ட இந்தப் பின்னல் பத்தில் ஒரு பங்குதான் எடுக்கும். மேலே மெழுகு நூலைச் சுற்றிவிட்டேன், அது பலத்துக்கு இல்லை, முனை முள்ளில் மாட்டாமல் இருக்க.

தோல் வார் பிடிக்கும் என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கைக்குத் தோல்தான் சுகம், வழுக்கினாலும் உள்ளங்கையைச் சுடாது. பழைய தோல் பெல்ட் தேடி லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைக்குப் போனேன். 'கூலிட்' என்றால் தோல்தான், பெயர்ப் பொருத்தம்! தைப்பதாக இருந்தால் ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோர்த்து, ஒவ்வொரு ஓட்டையிலும் இரு பக்கத்திலிருந்தும் நுழையுங்கள். ஒரு தையல் அறுந்தாலும் பக்கத்துத் தையல் பிடித்துக்கொள்ளும். மெஷின் தையலில் ஒன்று அறுந்தால் வரிசையாக விட்டுக்கொண்டே போகும். ஆனால் இந்த ஊர் ஈரத்துக்குத் தோல் ஒரு குழந்தை மாதிரி. பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் ஒரு வாரத்தில் பூஞ்சை. நனைந்தால் நிழலில் காய வையுங்கள், வெயிலில் போட்டால் அப்பளம்தான்.

தோட்டத்துக்குள் பத்து மீட்டர் நீளக் கயிறு விடுகிறவர்கள், கடைசியில் இருக்கிற கைப்பிடி வளையத்தை வெட்டி எறிந்துவிடுங்கள். நாய் கைநழுவி ஓடினால் அந்த வளையம்தான் வெட்டிப் போட்ட செம்பனை மட்டையில் போய் மாட்டும். மட்டை ஓரம் முழுக்க முள், நாய் அங்கேயே சிக்கிக் கிடக்கும். இந்த வேலைக்குப் பயோதேன் பட்டை நல்லது. பாலியெஸ்டர் பட்டைக்கு மேல் பிளாஸ்டிக் பூச்சு, சேறு ஒட்டாது, தண்ணீரில் அலசினால் முடிந்தது. கயிற்றைக் கையில் மட்டும் சுற்றிக்கொள்ளாதீர்கள். இந்தச் சுண்டுவிரலைப் பாருங்கள், நேராக நீட்ட வராது. அது போன வருஷத்துக் கதை.

தமிழ்நாட்டிலிருந்து வந்த சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் வகை நாய் வளர்க்கிறவர்களுக்குக் கயிற்றுக்கு முன்னால் கழுத்துப்பட்டைதான் பிரச்சினை. தலையும் கழுத்தும் ஏறக்குறைய ஒரே அகலம், பின்னால் ஒரு எட்டு வைத்தால் பட்டை உருவிக்கொண்டு வந்துவிடும். இழுத்தால் ஓரளவுக்கு மட்டும் இறுகி நிற்கிற மார்ட்டிங்கேல் பட்டை வாங்குங்கள். அது அகலமாக இருக்கட்டும்.

அப்புறம், 'நாங்களும் பன்றி வேட்டைக்கு வரலாமா அண்ணே' என்று கேட்கிற தம்பிகளுக்கு: பெர்ஹிலித்தான் (மலேசிய வனவிலங்குத் துறை) உரிமம் இல்லாமல் வேட்டை கிடையாது, 2010-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. உரிமம் மாமாவுடையது. நான் கயிறு பிடிக்கிறவன் மட்டும்.

தூறல் போடுகிறது, சீக்கிரம் சோதித்துவிடுவோம். கொட்டகை உத்தரத்தில் ஒரு முனையைக் கட்டிவிட்டேன். கொக்கியில் இந்த மரப்பலகையை மாட்டி, மேலே உட்காருகிறேன். நான் 82 கிலோ. ம்... உட்கார்ந்துவிட்டேன். இரண்டு தடவை குதிக்கிறேன். உத்தரம்தான் முனகுகிறது. பின்னலைப் பாருங்கள், ஒரு இழை கூட நகரவில்லை. ஆனால் நம் கணக்கு 260. அதற்கு இன்னும் இரண்டு பேர் தொங்க வேண்டும். சனிக்கிழமை மாமாவும் அவர் தம்பியும் வருகிறார்கள், இரண்டு பேருக்கும் நல்ல உடம்பு. அன்றைக்கு இந்த உத்தரத்தில் இல்லை, வாசல் ரம்புத்தான் மரத்தில் கட்டுகிறேன். அதுவரைக்கும் மிளகு பழைய சங்கிலியில்தான்.