தோலும் துவரும்

அவையோர்க்கு வணக்கம். பழுக்காத காயைக் கடித்தால் நாக்கு இழுத்துப் பிடிப்பதும் வாய் உலர்வதும் நாம் எல்லோரும் அறிந்தவை. எச்சிலிலுள்ள புரதத்தை டானின் என்னும் துவர்ப்பொருள் பற்றிக்கொள்வதே அதற்குக் காரணம். மரப்பட்டை நீரில் ஊறும் தோலிலும் இதுவேதான் நடக்கிறது. தோலிலுள்ள கொலாஜன் என்னும் புரத நாரோடு டானின் பிணைந்தபின் தோல் எளிதில் அழுகுவதில்லை. இதுவே தோல் பதனிடுதல்.

பச்சைத்தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிரையும் சதையையும் சுரண்டிய பிறகு, அதை மென்மையாக்க நாயின் மலத்தையும் புறாவின் எச்சத்தையும் கரைத்த நீரில் இட்டார்கள். (பதனிடும் கூடங்களைப் பல நகரங்கள் எல்லைக்கு வெளியே தள்ளிவைத்ததில் வியப்பில்லை.) அவ்வேலையைச் செய்தவை நொதிகள் என்பது நெடுங்காலம் கழித்தே விளங்கியது.

ஆனால் இத்தொழிலின் நுட்பமெல்லாம் பட்டைநீர் நிரப்பிய குழிகளின் வரிசையில்தான் இருக்கிறது. புதுத்தோலை முதலில் இறக்குவது, பலமுறை பயன்பட்டுச் சாரம் குறைந்த பழைய நீரில். அங்கிருந்து படிப்படியாகச் சாரம் மிகுந்த குழிகளுக்கு மாற்றி, கடைசியில் தோலுக்கு ஓர் அடுக்கு, பட்டைத்தூளுக்கு ஓர் அடுக்கு என்று மாற்றி மாற்றிப் பரப்பி மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள். கருவாலி (ஓக்) மரப்பட்டையில், காலணி அடிப்பகுதிக்கான கனமான தோல் பதமாக ஓராண்டுக்கு மேலும் ஆகும். எடுத்த எடுப்பில் சாரம் மிகுந்த நீரில் போட்டால் மேற்புறம் இறுகி, டானினை உள்ளே விடாது. அதனால்தான் அனுபவசாலிகள் ஓரத்தை வெட்டிப் பார்த்தார்கள். நடுவில் வெளிறிய கோடு தெரிந்தால் உள்ளே இன்னும் பச்சை என்று பொருள்.

இந்தக் காத்திருப்பைப் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துப் போர்கள் பொறுக்கவில்லை. படைகளுக்குக் காலணி வேண்டியிருந்தது. வேதியியலாளர் லவாய்சியரிடம் பணியாற்றிய அர்மான் செகேன் 1790களில் செறிந்த பட்டைச்சாற்றைக் கொண்டு மாதங்களை வாரங்களாகச் சுருக்கினார். தோலின் தரம் குறித்துக் குறைகள் எழுந்தன. எனினும் குழிக்குள் நடப்பது வேதியியல் என்ற எண்ணத்துக்கு அவர் வலுவூட்டினார் என்பதை நான் குறைவாக மதிப்பிடமாட்டேன். 1803-இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி காசுக்கட்டியில் கருவாலிப் பட்டையைவிடப் பன்மடங்கு டானின் உண்டென்று காட்டினார்.

1884-இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் காப்புரிமை பெற்ற, பட்டைக்குப் பதில் குரோமியம் உப்புகளால் பதனிடும் குரோம் முறைதான் வேகப் போட்டியை முடித்துவைத்தது. வெந்நீரைத் தாங்குவதிலும் குரோம் தோலே முந்துகிறது. ஆனால் ஈரமாக வளைத்த வடிவத்தை உலர்ந்தபின்னும் விடாமல் வைத்திருப்பது பட்டைத்தோல். சேணமும் உறையும் செய்வோர் இன்றும் அதைத் தேடுவது இதற்காகவே. சாயம் உள்வரை ஏறாத வாரின் வெட்டு விளிம்பைப் பாருங்கள்: நடுவில் நீலம் பூத்த சாம்பல் தெரிந்தால் அது பெரும்பாலும் குரோம், பழுப்பு நிறம் தெரிந்தால் பட்டை.