மூவாயிரத்தில் ஓர் அலை

வணக்கம் நேயர்களே. பினாங்கில் பேரலை என்றதும் எல்லாருக்கும் நினைவு வருவது 2004 டிசம்பர் 26. அன்று பத்து பெரிங்கியிலும் பாலிக் பூலாவ் பக்கமும் கரையேறியது சுனாமி. கடலடி நிலம் அசைந்து, அடியிலிருந்து மேல்மட்டம் வரை மொத்தத் தண்ணீரும் நகர்ந்ததால் வந்தது. நடுக்கடலில் சுனாமியின் உயரம் ஒரு மீட்டரைக்கூட எட்டாமல் இருக்கலாம். கப்பலில் இருப்பவருக்கு அது கடந்து போனதே தெரியாது. இன்று நாம் பேசப்போகும் முரட்டு அலை அதற்கு நேர்மாறு. காற்று கிளப்பும் அலை அது. நடுக்கடலில் எழும்பி, சிறிது நேரத்திலேயே அடங்கிவிடும்.

எத்தனை மீட்டர் இருந்தால் முரட்டு அலை? அப்படி ஒரே அளவு கிடையாது. சுற்றியுள்ள அலைகளோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். ஒரே இடத்தில் 20 நிமிடம் அளக்கிறோம் என்று வையுங்கள். 10 விநாடிக்கு ஓர் அலை என்றால் 120 அலைகள். உயரப்படி வரிசைப்படுத்தி, மேலே உள்ள 40-ஐ மட்டும் எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். அதுதான் அந்த நேரத்துக் கடலின் அலையுயரம். அது 3 மீட்டர் என்றால், 6 மீட்டரைத் தாண்டும் ஒற்றை அலை முரட்டு அலை. சிலர் இரண்டு மடங்கு போதாது, 2.2 மடங்கு வேண்டும் என்பார்கள். சின்ன வித்தியாசம்தானே என்று தோன்றும். எளிய கணக்குப்படி இரண்டு மடங்கு அலை ஏறத்தாழ 3,000-க்கு ஒன்று, 2.2 மடங்கோ 16,000-க்கு ஒன்று.

மூவாயிரம் அலை என்பது எட்டு மணி நேரம் இருபது நிமிடம். ஒரு ஷிப்டு வேலை முடிவதற்குள் வந்துவிடக்கூடியது!

எப்படி உருவாகிறது? ஆழ்கடலில் நீளமான அலை வேகமாக ஓடும். 12 விநாடிக்கு ஒன்றாக வரும் நீண்ட அலை மணிக்கு 67 கிலோமீட்டர் போகும். 8 விநாடி அலைக்கு 45-தான். பின்னால் வருவது முன்னால் போவதை எட்டிப் பிடிக்கும்போது முகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. பிறகு அதே வேக வித்தியாசத்தால் பிரிந்தும் போகின்றன. எங்கிருந்தோ வந்து எங்கோ மறைந்தது என்று மாலுமிகள் சொல்வது இதனால்தான். அலை செங்குத்தாக ஆக ஆக முகடு கூர்மையாகும், அலைப் பள்ளமான அகடு தட்டையாகும். முகட்டின் உயரம் இன்னும் கூடும். எதிர்நீரோட்டமும் சேர்ந்தால் அலைகள் நெருங்கி நிமிரும். தென்னாப்பிரிக்கக் கரையோரம் ஓடும் அகுல்யாஸ் நீரோட்டம் இதற்குப் பேர்போனது.

இதையெல்லாம் கருவி பிடித்துக் காட்டிய நாள் 1995 ஜனவரி 1. நார்வேக்கு அருகே வடகடலில் டிராப்னர் என்ற எரிவாயு மேடை. கீழ்நோக்கிப் பொருத்திய லேசர், அலையுயரம் சுமார் 12 மீட்டராக இருந்த கடலில் 25.6 மீட்டர் அலை ஒன்றைப் பதிந்தது. அதில் முகடு மட்டும் 18.5 மீட்டர், அகடு 7 மீட்டர் சொச்சம்தான். மேலே சொன்ன கூர்மைக் கணக்கு அப்படியே தெரிகிறது பாருங்கள்.

ஆனால் லேசரை அப்படியே நம்பிவிடக் கூடாது. நீர்த்திவலையும் நுரையும் கதிரை இடையிலேயே திருப்பி அனுப்பி, இல்லாத அலையைக் காட்டும். டிராப்னரில் மேடையின் அடிப்பகுதியில் சிறு சேதம் இருந்தது, அலை உண்மையில் வந்ததற்குச் சாட்சியாயிற்று. மிதவைக்கு வேறு கோளாறு: கூர்முகடு வரும்போது அது பக்கவாட்டில் வழுக்கி விலகும், அல்லது நங்கூரக் கயிறு இழுத்து முகட்டுக்குள் முழுகும். இரண்டிலும் பதிவது உண்மையைவிடக் குறைவு. ஆக லேசர் கூட்டிச் சொல்லும், மிதவை குறைத்துச் சொல்லும். மிதவையைக் குறை சொல்லிவிட்டு இதையும் சொல்ல வேண்டும்: 2020 நவம்பரில் கனடாவின் யூக்ளூலெட் அருகே 17.6 மீட்டர் அலையைப் பதிந்தது ஒரு மிதவைதான். சுற்றியிருந்தவை சுமார் 6 மீட்டர்.

2019-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், எடின்பரோவில் உள்ள வட்டத் தொட்டியில் டிராப்னர் அலையை 35-இல் ஒரு பங்கு அளவில் மறுபடி எழுப்பினார்கள். நம் இடுப்பளவு கூட வராது, 73 சென்டிமீட்டர். ஒரே திசையில் அனுப்பினால் அந்த உயரம் வருவதற்கு முன்பே முகடு முன்னால் கவிழ்ந்து உடைந்தது. இரு கூட்டங்களை ஏறக்குறைய 120 பாகைக் கோணத்தில் மோதவிட்டபோது தண்ணீர் மேல்நோக்கிப் பீறிட்டது; உடைதல் உயரத்தைத் தடுக்கவில்லை.

மலாக்கா நீரிணையில் 25 மீட்டர் வராது. சுமத்ரா மறைக்கிறது, காற்று நீண்ட தூரம் தள்ள இடமில்லை. ஆனால் மடங்குக் கணக்கு இங்கும் மாறாது. ஒரு மீட்டர் கடலில் இரண்டு மீட்டர் அலை ஒன்று வந்தால், பக்கவாட்டில் வாங்கும் சம்பான் படகுக்கு அதுவே போதும். கடல் வானிலை அறிக்கைகளில் வழக்கமாக வருவதும் அந்த மேல் மூன்றிலொரு பங்கின் சராசரிதான். அதை இரண்டால் பெருக்கிப் பார்த்துவிட்டுப் படகை அவிழுங்கள்.