சென்டரே இல்லாம 50 ஜெயிச்ச டீம்! லேக்கர்ஸ் ட்ரேட் கணக்கு முழுசா | 2025 ஆஃப்சீசன்

வணக்கம் மக்களே! 2025 மே தினம் லீவு, NBA பாஸ்கெட்பால் ப்ளேஆஃபை காலையில 7:30-க்கே எழுந்து உக்காந்து பார்த்தவங்க எத்தனை பேர்னு லைவ் சாட்லயே தெரிஞ்சது. 103-96. மினசோட்டா 4-1-னு சீரிஸை முடிச்சிட்டாங்க. லேக்கர்ஸ் வீட்டுக்கு.

தோத்ததை விட எனக்கு எரிச்சல் தர்றது தோத்த விதம். மினசோட்டா இன்னைக்கு 47 த்ரீ (தூரத்துல இருந்து எடுக்கற மூணு பாயிண்ட் ஷாட்) எடுத்து 7 தான் உள்ள போட்டாங்க. 47-க்கு 7! எதிரி அப்படி சுடுற அன்னைக்கு ஜெயிக்கலன்னா வேற என்னைக்கு ஜெயிக்கிறது? மிஸ் ஆன 40 பந்தும் ரிம்ல பட்டு மேல எழும்புது. கீழ யார் நிக்கிறா? மினசோட்டாவோட சென்டர் (ரிம் பக்கத்துல நிக்கிற உயரமான ஆள்) ரூடி கோபேர், 7 அடி 1 அங்குலம். அவரை பாக்ஸ் அவுட் பண்ண (உடம்பால மறிச்சு பந்துகிட்ட விடாம தடுக்க) வேண்டியவர் நம்ம ரூய் ஹாச்சிமுரா, 6 அடி 8. ரூய் ஒண்ணும் சும்மா நிக்கல. முதுகை வெச்சு தள்ளுறார், இடுப்பைத் தாழ்த்துறார், சரியான இடத்துலயும் நிக்கிறார். ஆனா பந்து இவர் கைக்கு மேல, கோபேர் கைக்கு நேரா வருது. டெக்னிக்ல ஒரு தப்பும் இல்லாம ரீபவுண்ட் (மிஸ் ஆகி வர்ற பந்து) போயிடுது. கோபேருக்கு 27 பாயிண்ட், 24 ரீபவுண்ட்.

நம்ம சென்டர் ஜாக்சன் ஹேய்ஸ் முதல் நாலு மேட்ச் ஸ்டார்ட் பண்ணார், இன்னைக்கு ஒரு நிமிஷம்கூட இறக்கல. மாக்சி கிளீபர் ஜனவரியில பாதம் உடைஞ்சதுக்கு அப்புறம் இன்னைக்குத் தான் முதல் தடவை லேக்கர்ஸ் ஜெர்சியில கோர்ட்டுக்குள்ள வர்றார். எலிமினேஷன் மேட்ச்ல! கோச் ஜேஜே ரெடிக்கைத் திட்டி ஆயிரம் கமெண்ட் வந்திருக்கு. நாலாவது மேட்ச்ல செகண்ட் ஹாஃப் 24 நிமிஷமும் ஒரே அஞ்சு பேரை வெச்சு ஆடினது தப்பு தான், நான் ஒத்துக்கறேன். 40 வயசு லெப்ரானை உக்கார வெக்காம ஓடவிட்டா நாலாவது குவார்ட்டர்ல கால் ஓயும். 10 பாயிண்ட் முன்னால இருந்தவங்க அந்தக் குவார்ட்டரை 32-19-னு விட்டு 116-113-ல தோத்தாங்க. ஆனா பெஞ்ச்ல நம்பி இறக்க யார் இருந்தா? அது கோச் பிரச்சனை இல்ல, ரோஸ்டர் பிரச்சனை.

இப்ப பிப்ரவரிக்குப் போகணும். அந்த ஷார்லட் சென்டர் மார்க் வில்லியம்ஸ் விஷயத்தை நான் இன்னும் விடல, விடவும் மாட்டேன். ட்ரேட்ல லூக்கா டான்சிச் வந்தாச்சு, பதிலுக்கு ஆண்டனி டேவிஸ் டல்லாஸுக்குப் போயாச்சு. அதாவது டீம்ல இருந்த ஒரே உண்மையான பெரிய ஆள் போயாச்சு. உடனே ஷார்லட்கிட்ட பேசி, டால்டன் கனெக்ட், காம் ரெடிஷ், 2031 முதல் ரவுண்ட் பிக் (டிராஃப்ட்ல புது ஆளைத் தேர்ந்தெடுக்கற உரிமை), 2030 பிக் ஸ்வாப் (பிக்கை மாத்திக்கற உரிமை) கொடுத்து வில்லியம்ஸை எடுத்தாங்க. ட்ரேட் பண்ண டெட்லைன் 6-ம் தேதி. 8-ம் தேதி மெடிக்கல் டெஸ்ட்ல பாஸ் ஆகலன்னு ட்ரேட் ரத்து. டெட்லைன் முடிஞ்சு ரெண்டு நாள்! வேற யாரையும் ட்ரேட்ல எடுக்கவே முடியாது. அந்தப் பையன் 2023-24-ல முதுகு காயத்தால 19 மேட்ச் தான் ஆடினான்னு எல்லாருக்கும் தெரியும். அப்படி ஹிஸ்டரி உள்ள ஆளை எடுக்கறதா இருந்தா டெட்லைனுக்கு ஒரு வாரம் முன்னாடி டீலை முடிச்சு ஸ்கேன் பார்க்கணும். ஃபெயில் ஆனாலும் அடுத்த கதவைத் தட்ட நேரம் இருக்கும். சரி, லூக்கா ட்ரேடே 2-ம் தேதி தான் வந்தது, நேரம் கம்மி, அதையும் சொல்லிடறேன். அப்புறம் கிறிஸ்டியன் வுட்டை ரிலீஸ் பண்ணிட்டு அலெக்ஸ் லென்னை எடுத்தாங்க. மீதி ரெண்டு பெரிய ஆளுங்க கொலோகோ, ஜெமிசன் டூ-வே கான்ட்ராக்ட் (மெயின் டீமுக்கும் கீழ் லீக் டீமுக்கும் மாறி மாறி ஆடறது). டூ-வேல இருக்கறவங்களை ப்ளேஆஃப்ல இறக்க முடியாது. ஆக ஏப்ரல்ல ஹேய்ஸும் லென்னும் மட்டும் தான்.

ஃப்ரீ ஏஜென்ட்ல (கான்ட்ராக்ட் முடிஞ்ச ஆளுங்கள்ல) யாரையாவது பிடிக்கலாமேன்னு கேக்கறவங்களுக்கு இந்தக் கணக்கு. அடுத்த சீசனுக்கு (2025-26) லெப்ரான் ஆப்ஷன் எடுத்தா, அதாவது இன்னொரு வருஷம் இருக்கேன்னு அவரே முடிவு பண்ணா, 52.6 மில்லியன் டாலர், லூக்கா 46, ரூய் 18.3, ஃபின்னி-ஸ்மித் ஆப்ஷன் எடுத்தா 15.4, ரீவ்ஸ் 13.9, வாண்டர்பில்ட் 11.6, கேப் வின்சென்ட் 11.5, கிளீபர் 11, கனெக்ட் 4. இதுவே 184-க்கு மேல. கடைசி ஆளுங்களைச் சேர்த்தா 190-ஐத் தாண்டும். ஃபர்ஸ்ட் ஏப்ரன் (தாண்டினா கட்டுப்பாடு விழற மொத்த சம்பள எல்லை) 195.9-ன்னு கணக்கு. 14 மில்லியன் மிட்-லெவலை (சம்பள வரம்புக்கு மேல இருக்கற டீமும் ஃப்ரீ ஏஜென்டுக்குக் கொடுக்கக்கூடிய தொகை) முழுசா யூஸ் பண்ணா ஏப்ரனைத் தாண்டக்கூடாதுன்னு பூட்டு விழும், இந்தக் கணக்குல அதுக்கு இடமே இல்ல. மிஞ்சறது 5.7 மில்லியன் சின்ன மிட்-லெவல். ஸ்டார்ட்டிங் சென்டர் அந்த விலைக்குக் கிடைக்கமாட்டார். ஆக ட்ரேட் தான் வழி.

கையில என்ன பிக் இருக்கு? 2027 யூட்டாவுக்கு, 2029 டல்லாஸுக்கு. அடுத்தடுத்த ரெண்டு வருஷம் முதல் ரவுண்ட் பிக் இல்லாம இருக்கக்கூடாதுன்னு ஸ்டெப்பியன் ரூல். அதனால 2026, 2028, 2030 மூணுமே கட்டிப்போட்ட மாதிரி, ஸ்வாப் மட்டும் கொடுக்கலாம். (இந்த ரூல் வந்ததே கிளீவ்லாண்ட் பிக்கையெல்லாம் வாரிக் கொடுத்ததால தான். 1982-ல அவங்க பிக்ல ஜேம்ஸ் வொர்தியை எடுத்தது நம்ம லேக்கர்ஸ்!) டிராஃப்ட் முடிஞ்சா 2032-ம் திறக்கும். ஆனா 2031, 2032 ரெண்டுல ஒண்ணு தான். ஒரே ஒரு தோட்டா. அதை யார்மேல வீணாக்கறோம்னு நூறு தடவை யோசிக்கணும்.

அதிகம் பேர் எழுதறது ஆஸ்டின் ரீவ்ஸை அனுப்புங்கன்னு. கூடவே கூடாது. மேட்சுக்கு 20 பாயிண்ட் போடற ஆளுக்கு 13.9 மில்லியன் தான் சம்பளம். சம்பளத்துக்குச் சம்பளம் பொருத்தற லீக்ல, குறைஞ்ச சம்பள நல்ல ஆளைக் கொடுத்தா திரும்ப வர்றதும் ஏறக்குறைய அதே சம்பளம் தான். அந்தக் காசுக்கு ரீவ்ஸ் அளவுக்கு ஆடறவர் யார் இருக்கா? கொடுக்க வேண்டியது நேர் எதிர் வகை. சம்பளம் அதிகம், ஒரு வருஷம் மட்டும் பாக்கி. வின்சென்ட், கிளீபர்.

என் முதல் சாய்ஸ் டேனியல் காஃபோர்ட். 14.4 மில்லியன், ஒரு வருஷம். 2024-ல ஃபைனல்ஸ் வரைக்கும் லூக்கா தூக்கிப் போட்ட லாப் பாஸைப் பிடிச்சு டங்க் பண்ணவர், புதுசா எதுவும் சொல்லித்தர வேண்டாம். டல்லாஸ்ல டேவிஸ், லைவ்லி ஏற்கனவே இருக்காங்க. கைரி இர்விங்குக்கு மார்ச்ல ஏசிஎல் (முழங்கால் தசைநார்) கிழிஞ்சதால அவங்களுக்கு கார்டு (பந்தை நடத்தற ஆள்) வேணும். வின்சென்ட் 11.5, கனெக்ட் 4, மொத்தம் 15.5. இங்க தான் சிக்கல். டல்லாஸ் ஃபர்ஸ்ட் ஏப்ரனைத் தாண்டிட்டா, அனுப்பறதை விட ஒரு டாலர்கூட அதிகமா வாங்க முடியாது. 15.5-க்கும் 14.4-க்கும் வித்தியாசம் 1.1 மில்லியன், 11 லட்சம் டாலர். இந்த லீக்ல அது சில்லறை, ஆனா மொத்த டீலும் அதுல நின்னுடும். வின்சென்ட் மட்டும்னு வெச்சா 2.9 மில்லியன் லேக்கர்ஸ் பக்கம் ஏறும். அதிகமா வாங்கினா லேக்கர்ஸுக்கும் ஃபர்ஸ்ட் ஏப்ரன்ல பூட்டு. ஷேக் மில்ட்டனோட 3 மில்லியனுக்கு கேரண்டி இல்ல, அவரை விட்டா அந்த இடம் கிடைக்கும். இல்லன்னா கனெக்டை மூணாவது டீமுக்கு அனுப்பி, அங்கிருந்து செகண்ட் ரவுண்ட் பிக்கை டல்லாஸுக்கு மாத்தணும். எனக்கு இந்த மூணு டீம் வழி தான் பிடிச்சிருக்கு.

ரெண்டாவது, ப்ரூக்ளின் நிக் கிளாக்ஸ்டன். 25 மில்லியனுக்குக் கொஞ்சம் மேல. கிளீபர், வின்சென்ட், கனெக்ட் மூணு பேர் சேர்ந்தா 26.5, சரியா உக்காரும். ஆள் மாத்தி எதிரி கார்டையும் தடுத்து நிக்கிற சென்டர், டிஃபென்ஸ்ல காஃபோர்டை விட எனக்குப் பிடிக்கும். ஆனா ஃப்ரீ த்ரோ பாதிக்குப் பாதி தான், கடைசி ரெண்டு நிமிஷம் வேணும்னே ஃபவுல் பண்ணுவாங்க. இன்னும் மூணு வருஷ கான்ட்ராக்ட் வேற இருக்கு. அவருக்கு 2031 பிக்கைக் கொடுக்காதீங்க, 2030 ஸ்வாப் வரைக்கும் போகலாம்.

யூட்டா சென்டர் வாக்கர் கெஸ்லர்... அய்யோ, இவரை முதல்லயே சொல்லியிருக்கணும். சம்பளம் 5 மில்லியன்கூட இல்ல, கனெக்டோட ஒரு மினிமம் சம்பள ஆளைச் சேர்த்தாலே பொருந்திடும். அந்த ஒரே தோட்டாவுக்கு தகுதியான ஆள் இவர் மட்டும் தான். ஆனா யூட்டா ஒரு பிக்குக்கு விடமாட்டாங்க, லேக்கர்ஸ்கிட்ட ரெண்டாவது பிக் கிடையாது.

இன்னொண்ணு விட்டுட்டேன். யார் வந்தாலும் ஒரு சென்டர் பத்தாது. 82 மேட்ச்ல ஒரு கணுக்கால் பிசகினா மறுபடி ரூய் தான் கோபேர்கூட மல்லுக்கட்டணும். அந்த 5.7 மில்லியனை இன்னொரு கார்டுக்குச் செலவழிக்காம ரெண்டாவது பெரிய ஆளுக்கு வெக்கணும். கிளின்ட் கபேலா ஃப்ரீ ஏஜென்ட் ஆகறார், முதல் போன் அவருக்கு.

கமெண்ட்ல உங்க ட்ரேட் எழுதுங்க. ஆனா ரெண்டு பக்கமும் சம்பளம் போட்டு எழுதுங்க. பொருந்தற ட்ரேட் எல்லாத்தையும் ஞாயித்துக்கிழமை லைவ்ல போர்டுல எழுதி ஒவ்வொண்ணா பார்க்கலாம்.