வாசகருக்கும் ஓர் இருக்கை: ‘மதிப்பெண் நியாயமே’ அணியின் உரை

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, நான் வாய் திறப்பதற்கு முன்பே என்னை இரக்கத்தோடு பார்த்துக்கொண்டிருக்கும் எதிரணிப் பெரியோர்களே, மழை சற்று ஓய்ந்த இடைவெளியில் தக்கலைக்கு வந்து, நாளை விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்குப் போகவேண்டியவர்கள் உட்பட, இவ்வளவு நேரம் எழாமல் அமர்ந்திருக்கும் அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

நூலக வார விழாவுக்கு இந்த ஆண்டு நமக்குத் தந்திருக்கும் தலைப்பு, வாசித்து முடித்த நூலுக்கு வாசகர் மதிப்பெண் இடுவது நியாயமா, அநியாயமா என்பது. நியாயமே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் ஐயா, ஒரு மனிதர் மூன்று ஆண்டு உட்கார்ந்து எழுதிய நாவலை ஒற்றை எண்ணுக்குள் அடக்குவது கடலைக் கமண்டலத்தில் மொள்ளுவது போன்றது என்றார். அடுத்துப் பேசிய ஆசிரியை அக்கா, ‘நூல் என்ன ரப்பர் ஷீட்டா, கிரேடு போட?’ என்று கேட்டார், நீங்களும் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலுக்குத்தான் நான் முதலில் பதில் சொல்லவேண்டும். ‘எண்ணென்ப ஏனை எழுத்தென்ப’ என்ற குறளோடு நான் தொடங்குவேன் என்று எதிர்பார்த்து எதிரணி மறுப்பை எழுதி வைத்திருப்பது இங்கிருந்தே தெரிகிறது. அந்தத் தாளை அவர்கள் மடித்து வைத்துக்கொள்ளலாம்.

அக்கா ரப்பர் ஷீட்டை இளப்பமாகச் சொல்லிவிட்டார். குலசேகரம் பக்கத்தில் என் மாமனார் நடத்தும், ரப்பர் ஷீட்டை விலைக்கு வாங்கும் ஷீட் எடுப்புக் கடையில் கணக்கு எழுதுகிறவள் நான். தமிழ்நாட்டு ரப்பரில் பெரும்பகுதி விளையும் இந்தக் குமரி மாவட்டத்தில், அதிகாலையில் மரத்தின் பட்டையை வெட்டி, பாலெடுத்து, ஆசிட் விட்டு உறைய வைத்து, உருளையில் இட்டு, புகையில் உலர்த்திக் கொண்டுவந்து வைக்கும் ஒரு ஷீட்டில் எத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது என்பது எழுத்தாளருடைய உழைப்பைப் பற்றி உருகுகிறவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். என் மாமனார் அந்த ஷீட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவார். வெளிச்சத்துக்கு நேரே இரண்டு கையாலும் விரித்துப் பிடிப்பார். உள்ளே குமிழ் இருக்கிறதா, மரப்பட்டைத் துணுக்கு ஒட்டியிருக்கிறதா, புகை போதாமல் வெள்ளைத் திட்டு நின்றிருக்கிறதா, பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு ‘நாலு’ என்பார். அவ்வளவுதான். கொண்டுவந்தவர் முகம் சுளித்து ‘ஏன் நாலு?’ என்று கேட்டால், ஒரு விரலை அந்தக் குமிழின் மேல் வைப்பார். அந்த எண்ணை வாங்கிக்கொண்டு போகிறவர் யாரும் தம் உழைப்பு அவமதிக்கப்பட்டதாக நினைப்பதில்லை. அடுத்த வாரம் பாலை நன்றாக வடிகட்டிக்கொண்டு வருகிறார். எண் சொன்னவருக்குக் காரணம் காட்டத் தெரியும், கேட்டவருக்கு அந்தக் காரணத்தைப் பார்க்கக் கண் இருக்கிறது. இந்த இரண்டும் இருக்கும் இடத்தில் எண் எப்படி அநியாயமாகும் என்பதை எதிரணி இன்னும் சொல்லவில்லை.

இனி நம்முடைய மரபுக்கு வருகிறேன். ஒரு நூலைப் பற்றி அடுத்தவர் சொல்லும் கருத்துக்கு நம்மிடம் பழைய பெயர் சிறப்புப்பாயிரம். அதை யார் சொல்லலாம் என்று நன்னூல் வரையறுக்கிறது: நூல் செய்தவருடைய ஆசிரியர் சொல்லலாம், அவரோடு படித்தவர் சொல்லலாம், அவருடைய மாணவர் சொல்லலாம், தகுதியுள்ள உரைகாரர் சொல்லலாம். நடுவர் அவர்களே, இந்த நால்வரையும் சற்று உற்றுப் பாருங்கள். மூவர் நூலாசிரியருக்கு நேரடியாக வேண்டியவர்கள். நான்காமவர் நூலின்மேல் பற்று வைத்து உரை எழுத உட்கார்ந்தவர். காசு கொடுத்தோ கடன் வாங்கியோ படித்து முடித்துவிட்டு எழுந்து போகும் வாசகர் அந்தப் பட்டியலில் எங்கே? இன்றைக்கும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. அணிந்துரை நண்பர் எழுதுகிறார், வாழ்த்துரை ஆசிரியர் எழுதுகிறார், வெளியீட்டு விழாவில் உடன் படித்தவர் பேசுகிறார். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் நான் போயிருக்கும் நூல் வெளியீடுகளில், ‘இந்த நூல் எனக்குப் பிடிக்கவில்லை’ என்று மேடையில் ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. பொன்னாடை போர்த்திக்கொண்டு அதைச் சொல்லவும் முடியாது. நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. தீர்ப்புக்குத்தான் பஞ்சம். ‘தவிர்க்க முடியாத படைப்பு’ என்று ஒருவர் சொல்லும்போது அவர் படித்தாரா இல்லையா என்பதே நமக்குத் தெரியாது. ஐந்துக்கு இரண்டு என்று எழுதுகிறவருக்கு அந்த வசதி கிடையாது, ஏனென்றால் அடுத்த நொடியே ‘ஏன் இரண்டு?’ என்று ஒருவர் கேட்பார்.

தொல்காப்பியம் அரங்கேறிய அவையில் அதைக் கேட்டு ஆராய்ந்தவர் அதங்கோட்டாசான் என்று பனம்பாரனார் பாயிரம் சொல்கிறது. நம் விளவங்கோட்டுப் பக்கத்து அதங்கோடே அவருடைய ஊர் என்று நாம் உரிமையோடு சொல்லிக்கொள்கிறோம். அந்தப் பாயிரத்தில் வரும் ‘அரில்தபத் தெரிந்து’, அதாவது குற்றம் நீங்க ஆராய்ந்து, என்ற தொடருக்கு உரையாசிரியர் நச்சினார்க்கினியர் ஒரு கதை சொல்கிறார். அந்த நூலைக் கேட்காதே என்று ஒருபுறம் அகத்தியர் சொல்ல, கேட்டே தீரவேண்டும் என்று மறுபுறம் தொல்காப்பியர் பலமுறை வந்து வேண்ட, இருவருக்கும் கோபம் வராமல் தப்பிக்க ஆசான் ஒரு வழி கண்டுபிடித்தாராம்: கேட்பது, ஆனால் குற்றம் சொல்லிவிடுவது. அவர் எழுப்பிய ஒவ்வொரு வினாவுக்கும் தொல்காப்பியர் விடை சொல்லி முடித்ததால் நூல் குற்றமற்றது என்று தேறியது. இதை எதிரணி தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளக்கூடும். ஆசான் பேசித்தானே ஆராய்ந்தார், எண் இட்டாரா என்று கேட்கக்கூடும். பேசினார், ஆனால் பேசிக்கொண்டே இருந்துவிடவில்லை. தேறியது, தேறவில்லை என்ற இரண்டில் ஒன்றைச் சொல்லவேண்டிய இடத்துக்கு அவர் வந்து நின்றார். மதுரைச் சங்கப்பலகையைப் பற்றிய பழங்கதையை எடுத்துக்கொண்டால், அது ஆராயக்கூட இல்லை. தகுதியுள்ள நூலுக்கு இடம் கொடுத்தது, இல்லாததற்குக் கொடுக்கவில்லை. ஒரு சொல்லும் பேசாத அந்தப் பலகையைப் போற்றிக்கொண்டே, பேசாத எண்ணை மட்டும் பழிப்பது எந்த வகை நியாயம்?

எண் வாயை அடைத்துவிடுகிறது என்று எதிரணித் தலைவர் சொன்னார். என் அனுபவம் நேர்மாறாக இருக்கிறது. நாங்கள் பதினோரு பேர் மாதம் ஒரு சனிக்கிழமை மாலையில் கூடி, படித்து முடித்த நூல்களைப் பற்றிப் பேசுகிறோம். எங்களிடம் ஒரு நீளக் கணக்குப் புத்தகம் இருக்கிறது. கடையில் மிஞ்சியதை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். நூலின் பெயர், படித்து முடித்த நாள், ஐந்துக்கு எத்தனை, ஏன் என்று இரண்டு வரி. பேசத் தொடங்குமுன் எல்லாரும் எழுதி முடித்திருக்க வேண்டும், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக்கூடாது என்பது மட்டும்தான் விதி. ஒருமுறை ஏறத்தாழ அறுநூறு பக்க நாவல் ஒன்றை எங்களில் ஏழு பேர் படித்து வந்தோம். எண்கள் 2, 2, 3, 2, 1, 3 என்று வந்தன. ஏழாவது 5. அதை இட்டவர் அண்டியாபீஸில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில், இருபது ஆண்டுக்கும் மேலாகக் கொட்டை தட்டிய அக்கா ஒருவர். பொதுவாக அவர் பேசமாட்டார். நாங்கள் எல்லாரும் நடை, உத்தி, கட்டுக்கோப்பு என்று பேசும்போது டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருப்பார். அன்றைக்கு அந்த ஐந்தைப் பார்த்துவிட்டு எல்லாரும் அவர் பக்கம் திரும்பினோம். அவர் நாவலைப் பிரித்து ஒரே ஒரு பக்கத்தைக் காட்டினார். கொட்டைத் தோட்டின் எண்ணெய் பட்டுக் கறுத்த விரலோடு ஒரு பெண் கல்யாண வீட்டுப் பந்தியில் அமர்ந்து, இலையில் கைவைக்கக் கூசுகிற இடம். ‘நான் அப்பிடி இருந்திருக்கேன் மக்களே’ என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் ஆறு பேரும் அந்தப் பக்கத்தைக் கடந்துதான் வந்திருந்தோம்; ஒருவர் கண்ணிலும் அது நிற்கவில்லை. நான் என் மூன்றை மாற்றவில்லை, நாவலின் பின்பாதி தளர்வு என்பதில் இன்றும் எனக்கு ஐயமில்லை. ஆனால், எண் இல்லாத கூட்டமாக இருந்திருந்தால் அந்த அக்கா அன்றும் டீ குடித்துவிட்டுப் போயிருப்பார். சொல்வன்மை உள்ளவர்கள் மட்டுமே கருத்துச் சொல்லும் அவையில் அவருக்கு இருக்கை போட்டுக் கொடுத்தது அந்த ஒற்றை ஐந்துதான்.

இதே கணக்குப் புத்தகத்தை ஒருநாள் புரட்டிப் பார்த்த என் மாமனார், ஐந்து ஐந்தாக இருந்த ஒரு பக்கத்தைக் கண்டு, ‘எல்லாம் கடைசிக் கிரேடா, பாவம்’ என்று வருத்தப்பட்டார். ரப்பரில் ஒன்றுதான் உயர்ந்தது. சிரிப்புக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. எண்ணுக்குப் பொருள் அதைப் பொதுவாக ஒப்புக்கொண்டவர்களிடத்தில்தான் இருக்கிறது. 2007இல் தொடங்கி, 2013இல் அமேசான் கைக்குப் போன, வாசகர்கள் நூலுக்கு நட்சத்திரம் இடும் குட்ரீட்ஸ் இணையதளத்தில் இரண்டு நட்சத்திரம் என்றால் ‘பரவாயில்லை’ என்று பொருள், மூன்று என்றால் ‘பிடித்தது’ என்று பொருள். நாம் அதைப் பள்ளிக்கூடக் கண்ணால் பார்க்கிறோம். ஐந்துக்கு இரண்டு என்றால் நூற்றுக்கு நாற்பது, முப்பத்தைந்தில் தப்பித்த பையன் என்று எழுத்தாளருக்காக மனம் நோகிறோம். பிறகு, நோகடிக்க வேண்டாமே என்று எல்லாவற்றுக்கும் நான்கு போடுகிறோம். அந்தத் தாராளம் வாசகரின் கூச்சத்திலிருந்து வருவது. அதற்கு அளவுகோலைக் குறை சொல்ல முடியாது. எங்கள் கூட்டத்தில் இதற்காகவே பொருளை எழுதி ஒட்டியிருக்கிறோம். ஐந்து என்றால், இரவல் வாங்கிப் படித்திருந்தாலும் சொந்தமாக ஒரு பிரதி வாங்குவேன். மூன்று என்றால், படித்த நேரத்துக்கு வருத்தமில்லை. ஒன்று என்றால், நீங்கள் கையில் எடுத்தால் தடுப்பேன். இரண்டுக்கும் நான்குக்கும் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை.

எதிரணியின் வலுவான வாதம் ஒன்று உண்டு, அதை நான் ஒதுக்கிவிட்டுப் போகமாட்டேன். 2023 ஜூனில் அமெரிக்க எழுத்தாளர் எலிசபெத் கில்பர்ட், ரஷ்யாவைக் களமாகக் கொண்ட தம் நாவலின் வெளியீட்டைத் தள்ளிவைத்தார். அச்சில் வராத அந்த நூலுக்கு நூற்றுக்கணக்கானோர் ஒற்றை நட்சத்திரம் இட்டிருந்தார்கள். இது கொடுமைதான். ஆனால் நடுவர் அவர்களே, நம் தலைப்பின் முதல் இரண்டு சொற்களை மீண்டும் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்: ‘வாசித்து முடித்த’. வாசிக்காமல் எறிந்த கல்லை மதிப்பெண் என்ற பெயரில் இந்த மேடைக்குக் கொண்டுவரக்கூடாது. படிக்காமல் இட்ட ஒற்றை நட்சத்திரமும், படிக்காமல் எழுதிய அணிந்துரையும் என் கணக்கில் ஒரே வரிசையில்தான் வருகின்றன. பின்னது பொன்னாடை போர்த்திக்கொண்டு வருவதால் நாம் அதைக் கொடுமை என்று சொல்வதில்லை.

ஆசிரியை அக்கா ‘நவில்தொறும் நூல்நயம்’ என்ற குறளை எடுத்துச் சொல்லி, படிக்கப் படிக்கச் சுவை கூடும் நூலுக்கு முதல் வாசிப்பிலேயே எண் இட்டு முடிப்பதா என்று கேட்டார். நல்ல கேள்வி. எங்கள் புத்தகத்தில் என் கையெழுத்தில் 2019ஆம் ஆண்டுப் பக்கத்தில் ஒரு கவிதைத் தொகுப்புக்கு இரண்டு இட்டிருக்கிறேன். ‘ஒன்றும் புரியவில்லை, புரியவைக்கும் எண்ணமும் இல்லை’ என்று திமிரோடு ஒரு வரி வேறு. 2023இல் அதே தொகுப்பை மீண்டும் படித்துவிட்டுப் பழைய எண்ணைக் கோடிட்டு அடித்து நான்கு என்று எழுதினேன். அந்த அடித்தல் இல்லாவிட்டால், நூல்நயம் கூடியது என்பது எனக்கே எப்படித் தெரிந்திருக்கும்? ‘அப்போதும் பிடித்துத்தான் இருந்தது’ என்று என் நினைவு எனக்குச் சாதகமாகப் பொய் சொல்லியிருக்கும். வள்ளுவர் சொன்ன வளர்ச்சியை அளந்து காட்டியதே அந்த இரண்டும் நான்கும்தான். அவரே வேறோர் அதிகாரத்தில், ஆளைத் தேர்ந்தெடுப்பது பற்றிப் பேசும்போது, குணத்தையும் நாடு, குற்றத்தையும் நாடு என்றதோடு நிறுத்தாமல், எது மிகுதி என்று பார்த்து அதன்படி கொள் என்கிறார். முதல் இரண்டு நாடலையும் செய்துவிட்டு மூன்றாவதில் கைகழுவுகிற பழக்கத்தைத்தான் எதிரணி ரசனை என்கிறது.

ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன். சராசரி எனக்கும் பிடிக்காது. அண்டியாபீஸ் அக்காவின் ஐந்தையும் எங்கள் ஆறு பேருடைய எண்களையும் கூட்டி ஏழால் வகுத்தால் இரண்டரைக்குச் சற்று மேலே ஏதோ வரும்; அந்த எண்ணை அன்றைக்கு அந்த அறையில் இருந்த ஒருவரும் இடவில்லை. ஆகவே எங்கள் புத்தகத்தில் கூட்டல் போடுவதில்லை. ஆனால் இன்றைய தலைப்பு சராசரியைப் பற்றியதல்ல, வாசகர் இடும் மதிப்பெண்ணைப் பற்றியது.

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் அவர்களே, இன்னும் சற்று நேரத்தில் நீங்கள் எழுந்து தீர்ப்புச் சொல்வீர்கள். எங்கள் அணி தோற்றது என்று சொன்னாலும் ஏற்றுக்கொள்கிறோம், எந்த இடத்தில் குமிழ் என்று விரல் வைத்துக் காட்டினால் போதும். ‘இரு அணியினரும் மிகச் சிறப்பாகப் பேசினார்கள்’ என்ற அணிந்துரையை மட்டும் தயவுசெய்து எங்களுக்குத் தந்துவிடாதீர்கள். வணக்கம்.