சுவர் முதலில்: இந்தியா, சீனா, நம் ஊர்ச் செவிலியர்

மதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஓய்வுபெற்ற நீதிபதி ஐயா அவர்களே, வரவேற்புரை ஆற்றிய தலைமையாசிரியை அம்மா அவர்களே, வட்டார மருத்துவ அலுவலர் அம்மா அவர்களே, ஒன்றியக் குழு உறுப்பினர்களே, வாசகர் வட்டத் தோழர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

நீதிபதி ஐயா இந்த வயதிலும் கூட்டம் தொடங்குவதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு என் தனி வணக்கம். தலைமையாசிரியை அம்மா என்னைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தைகள் எல்லாம் அவருடைய பெருந்தன்மை. வட்டார மருத்துவ அலுவலர் அம்மா முகாமை முடித்துவிட்டு, சாப்பிடக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கிறார். அவர் வந்தது எனக்குப் பெரிய பலம், ஏனென்றால் இன்று நான் பேசப்போவதில் பாதி அவருடைய துறையைப் பற்றியது. மேடையும் மைக்கும் போட்டுக் கொடுத்த இளைஞர்களுக்கும், தேநீர் தந்த சகோதரிகளுக்கும் நன்றி.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘இந்தியாவும் சீனாவும்: வாழ்க்கைத் தரமும் மக்களின் குணமும்’. வருமானம், உடல்நலம், கல்வி, குணம் என்று நான்கையும் தொட்டுப் பேச வேண்டும் என்று வந்திருக்கிறேன்.

வருமானத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1990இல் ஒரு இந்தியரின் சராசரி ஆண்டு வருமானமும் ஒரு சீனரின் வருமானமும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டும் 300 டாலருக்கு மேல், 400 டாலருக்குக் கீழ். சொல்லப்போனால் நாம்தான் கொஞ்சம் முன்னால் இருந்தோம். 2023இல் சீனரின் சராசரி 12,000 டாலரைத் தாண்டிவிட்டது, நம்முடையது 2,500 டாலர் அளவில் நிற்கிறது. ஐந்து மடங்கு! நம் நாட்டில் பொருள்கள் விலை மலிவு என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டால்கூட இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது. 2008இல் முதல் அதிவேக ரயிலை ஓட்டிய சீனா, இன்று 40,000 கிலோமீட்டருக்கு மேல் அந்தப் பாதையைப் போட்டு முடித்துவிட்டது.

இந்தக் கணக்கைச் சொன்னவுடன் டீக்கடையிலும் சரி, பெரிய பெரிய கருத்தரங்கிலும் சரி, உடனே ஒரு பதில் வரும். “சீனாக்காரன் உழைப்பாளி, கட்டுப்பாடு உள்ளவன். நம்ம ஆளுங்க அப்படி இல்லைங்க.” இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு நாட்டு மக்களின் குணம் ரத்தத்தில் ஓடுகிறதா? இதே சீனர்களைத்தான் நூறு ஆண்டுகளுக்கு முன்னால் அபினுக்கு அடிமைப்பட்டவர்கள், சோம்பேறிகள், ஆசியாவின் நோயாளிகள் என்று உலகம் ஏசியது. அதே மக்கள், அதே ரத்தம். நடுவில் மாறியது என்ன?

என் ஆசிரியர் ஒருவர் எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்வார். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும். நாம் சீனாவைப் பார்த்துப் பொறாமைப்படுவதெல்லாம் சித்திரத்தைப் பார்த்துத்தான். ரயில், துறைமுகம், தொழிற்சாலை எல்லாம் சித்திரம். சுவர் என்பது மக்களின் உடம்பு. 1978இல் சீனத் தலைவர் டெங் சியோபிங் பொருளாதாரச் சீர்திருத்தத்தைத் தொடங்கியபோது அங்கே பணம் இல்லை, ஆனால் சுவர் இருந்தது. 1980 வாக்கிலேயே சீனர்களின் சராசரி ஆயுள் இந்தியர்களைவிட ஏறக்குறைய பத்து ஆண்டுகள் அதிகம். வருமானத்தில் இரண்டு நாடும் ஒன்றாக இருந்த காலத்தில் இந்த வித்தியாசம்! பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் இதைப் பல இடங்களில் எடுத்துச் சொல்லியிருக்கிறார். தொழிற்சாலை வந்தபோது வேலைக்குப் போக, நோய் இல்லாத, எழுதப் படிக்கத் தெரிந்த ஆணும் பெண்ணும் தயாராக இருந்தார்கள்.

வெந்நீரையே எடுத்துக்கொள்ளுங்கள். சீனர்கள் எங்கே போனாலும் கையில் வெந்நீர்க் குடுவை இருக்கும். அங்கே ரயில் பெட்டிகளிலேயே வெந்நீர்க் குழாய் உண்டு. இதைச் சீனர்களின் பிறவிக் குணம் என்று எழுதுகிறார்கள். அவர்களுடைய பழைய மருத்துவ மரபில் வெந்நீருக்கு இடம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் விறகு வாங்க வழியில்லாத ஏழைக் குடியானவன் எங்கே தினமும் தண்ணீரைக் காய்ச்சினான்? 1952இல் தொடங்கிய தேசபக்த சுகாதார இயக்கம்தான் காய்ச்சிய தண்ணீரை ஊர் ஊராகக் கொண்டுபோனது. பள்ளியிலும் ஆலையிலும் கொதிநீர் கிடைக்க ஏற்பாடு செய்தார்கள், சுவரெல்லாம் படம் போட்டு ஒட்டினார்கள். வயிற்றுப்போக்கும் காலராவும் குறைந்தன. இன்று அது குணம் ஆகிவிட்டது. ஒரு தலைமுறைக்கு ஒழுங்காக ஏற்பாடு செய்து கொடுங்கள், அடுத்த தலைமுறை அதைத் தன் பிறவிக் குணம் என்றே நினைத்துக்கொள்ளும்.

இந்த இடத்தில் ஒரு கதை சொல்ல வேண்டும். கதை இல்லை, நடந்த வரலாறு. மாணவர்கள் கவனமாகக் கேளுங்கள்.

மகாராஷ்டிர மாநிலம் சோலாப்பூரில் 1910இல் துவாரகாநாத் கோட்னிஸ் என்ற பையன் பிறந்தார். பம்பாயில் மருத்துவம் படித்தார். 1937இல் ஜப்பான் சீனாவுக்குள் படையெடுத்து நுழைந்தது. காயம்பட்டவர்களைப் பார்க்க டாக்டர்கள் இல்லை. சீனத் தளபதி ஜு தே நேருவுக்குக் கடிதம் எழுதினார். 1938இல் காங்கிரஸ் தலைவராக இருந்த சுபாஷ் சந்திர போஸ் நாட்டு மக்களிடம் நிதி கேட்டார். நாமே அடிமை நாடு! அந்த நிலைமையில் நம் மக்கள் காசு போட்டு ஐந்து டாக்டர்களை, ஆம்புலன்ஸ் வண்டியோடு கப்பல் ஏற்றி அனுப்பினார்கள். அந்த ஐந்து பேரில் ஒருவர் கோட்னிஸ். வயது 28கூட நிறையவில்லை.

சீனாவுக்குப் போன பிறகு அப்பா இறந்துபோன செய்தி வருகிறது. நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? அவர் திரும்பவில்லை. 1939இல் சீனக் கம்யூனிஸ்டுகளின் தளமாக இருந்த யெனான் போய்ச் சேர்ந்தார், அங்கிருந்து போர்முனைக்குப் போனார். ஆஸ்பத்திரி என்றால் நம் கண்ணில் தோன்றும் கட்டடம் இல்லை. மண்வீடு, கிராமத்துக் கூடம், எதிரி நெருங்கினால் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு மலைப்பாதையில் நடக்க வேண்டும். 1940இல் நடந்த ஒரு நீண்ட சண்டையில் 72 மணி நேரம் தூங்காமல் அறுவை சிகிச்சை செய்தார். 800க்கும் மேற்பட்ட காயம்பட்டவர்களுக்கு மருத்துவம் பார்த்தார். மூன்று பகல், மூன்று இரவு, தாய்மார்களே!

அவருக்கு முன்னால் அங்கே பணி செய்தவர் கனடா நாட்டு டாக்டர் நார்மன் பெத்யூன். அறுவை சிகிச்சையின்போது விரலில் பட்ட காயம் சீழ் பிடித்து, ரத்தத்தில் விஷம் ஏறி 1939 நவம்பரில் இறந்துபோனார். அவர் பெயரால் அமைந்த ஆஸ்பத்திரிக்கு 1941இல் நம் சோலாப்பூர்ப் பிள்ளை இயக்குநர் ஆனார். சீன மொழியைக் கற்றுக்கொண்டு, அந்த மொழியிலேயே மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். குவோ சிங்லான் என்ற செவிலியரைத் திருமணம் செய்துகொண்டார். பிறந்த மகனுக்கு இரண்டு நாட்டின் பெயரையும் சேர்த்து யின்ஹுவா என்று பெயர் வைத்தார்கள். மகனுக்கு நான்கு மாதம்கூட ஆகவில்லை. 1942 டிசம்பர் 9 அன்று வலிப்பு நோய் வந்து கோட்னிஸ் காலமானார். வயது 32.

இன்றும் ஷிஜியாசுவாங் நகரத்துத் தியாகிகள் கல்லறையில் அவருக்குச் சிலை நிற்கிறது. சீனத் தலைவர்கள் இந்தியா வரும்போது அவர் குடும்பத்தைத் தேடிப்போய்ப் பார்ப்பதை வழக்கமாகவே வைத்திருந்தார்கள். 1962இல் இரண்டு நாடும் போர் செய்தன, 2020இல் கல்வான் எல்லை மோதலில் நம் வீரர்கள் 20 பேர் உயிர் கொடுத்தார்கள். இவ்வளவுக்கும் நடுவில் ஒரு சோலாப்பூர் டாக்டரின் பெயர் அழியவில்லை. இந்தியனுக்கு உழைப்பு வராது, கட்டுப்பாடு வராது என்கிறவர்களை நான் கேட்கிறேன், கோட்னிஸ் எந்த நாட்டுக்காரர்?

சரி, சீனாவின் சுவருக்கு வருகிறேன். 1960களின் நடுவில், டாக்டர்கள் எல்லாம் நகரத்திலேயே இருக்கிறார்கள், கிராமத்தைப் பார்க்க ஆள் இல்லை என்ற குறையிலிருந்து ‘வெறுங்கால் மருத்துவர்’ திட்டம் வளர்ந்தது. ஊர் விவசாயிகளிலேயே படித்த பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, சில மாதம் பயிற்சி கொடுத்து, ஒரு மருந்துப் பெட்டியையும் கொடுத்து அதே ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். பாதி நாள் வயல் வேலை, பாதி நாள் வைத்தியம். தடுப்பூசி, பிரசவம், கிணற்றுச் சுத்தம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. பத்து லட்சம் பேருக்கு மேல் இப்படி வேலை செய்தார்கள்.

அங்கே எல்லாமே நன்றாக நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. 1959 முதல் 1961 வரை சீனாவில் வந்த பஞ்சத்தில் கோடிக்கணக்கானவர்கள் செத்தார்கள். எழுதப் பத்திரிகை இல்லை, கேட்க எதிர்க்கட்சி இல்லை. சுதந்திர இந்தியாவில் அந்த அளவுப் பஞ்சம் ஒன்றுகூட வரவில்லை. ஓட்டுக்கும் பேச்சுக்கும் அவ்வளவு மதிப்பு இருக்கிறது. ஒரு குழந்தைதான் பெற வேண்டும் என்று வீட்டுக்குள் புகுந்து சட்டம் போட்டார்கள், அந்தக் கொடுமையை 2015 வரை விடவில்லை. அப்புறம், 1980களில் கூட்டுப் பண்ணைகளைக் கலைத்தபோது ஊர்ப் பொதுப் பணத்தில் நடந்த கிராமத்துக் கூட்டுறவு மருத்துவமும் சேர்ந்து இடிந்தது. ஒரு காலத்தில் 90 சதவீதக் கிராமங்களில் இருந்த ஏற்பாடு, சில ஆண்டுகளில் 5 சதவீதத்துக்கு வந்துவிட்டது. வைத்தியச் செலவில் குடும்பங்கள் கடனாளி ஆயின. 2003இல் சார்ஸ் நோய் வந்து உலுக்கியது. அந்த ஆண்டில்தான் கிராமங்களுக்குப் புதிய காப்பீட்டைக் கொண்டுவந்தார்கள். பத்து ஆண்டுக்குள் கிராமத்து மக்கள் கிட்டத்தட்ட எல்லோரையும் அதில் சேர்த்தார்கள். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது, சுவர் இடிந்த பிறகு அவர்களுக்கே மறுபடி உறைத்தது.

கல்வியைப் பற்றி நிறையச் சொல்ல ஆசை. 1951இல் நம் எழுத்தறிவு 18 சதவீதம், சீனாவிலும் அன்றைக்கு ஐந்தில் ஒருவருக்குத்தான் எழுத்து தெரியும். அந்தக் கதைக்குத் தனி மேடை வேண்டும். தலைமையாசிரியை அம்மா இன்னொரு நாள் அழைத்தால் அவசியம் வருகிறேன்.

இப்போது நம் நாட்டுக்குள்ளேயே பாருங்கள். 2020 கணக்குப்படி, பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவர்கள் இந்தியா முழுவதும் சராசரியாக 28. தமிழ்நாட்டில் 13. கேரளத்தில் 6, அது சீனாவின் கணக்குக்கு மிக அருகில். குணம்தான் காரணம் என்றால் கேரளத்துக்காரர்கள் என்ன வேறு தேசமா? அங்கே ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, அது திறந்திருக்கிறது, உள்ளே ஆள் இருக்கிறார். நம் மாநிலமும் சும்மா இந்த இடத்துக்கு வரவில்லை. 1939லேயே சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரச் சட்டம் போட்டார்கள். பொதுச் சுகாதாரத்துக்கென்று தனி இயக்ககம் வைத்து நடத்துகிற மாநிலம் இது.

அந்தச் சட்டத்துக்கும் திட்டத்துக்கும் கை கால் யார்? கிராம சுகாதார செவிலியர். 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதில் ஒரு செவிலியர் என்பது விதி. புதன்கிழமை காலையில் ஒரு செவிலியரைக் கவனித்துப் பாருங்கள். தோளில் ஒரு பெட்டி. உள்ளே நான்கு ஐஸ் பேக், நடுவில் தடுப்பூசிக் குப்பிகள். 2 டிகிரிக்குக் கீழே போகக்கூடாது, 8 டிகிரிக்கு மேலே ஏறக்கூடாது. சில குப்பிகளின் மேல் ஒரு சின்ன வட்டம் இருக்கும், வட்டத்துக்குள் ஒரு சதுரம். சூடு பட்டால் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்த மருந்தைப் போடக்கூடாது, தூக்கி எறிய வேண்டும். அந்த அம்மா பஸ்ஸில் ஏறும்போது, வெயிலில் நடக்கும்போது, குழந்தையைத் தொடையில் பிடித்து ஊசி போடும் முன்னால், அந்தச் சதுரத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்க்கிறார். எந்தக் கட்டுப்பாட்டைச் சீனர்களிடம் பார்த்து வியக்கிறீர்களோ, அதே கட்டுப்பாடு நம் ஊர் வரப்பில் நடந்து போகிறது.

ஆனால் ஒரு செவிலியரின் இடம் காலியானால் என்ன ஆகிறது? பக்கத்துத் துணை நிலையத்துச் செவிலியர் கூடுதல் பொறுப்பாக அந்த ஊரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 5,000 பேர் 10,000 ஆகிவிடுகிறார்கள். கர்ப்பிணியின் ரத்த அழுத்தத்தை இந்த வாரம் பார்க்க வேண்டியவர் அடுத்த வாரம் வருகிறார். நாட்டின் வருமானத்தில் 2.5 சதவீதத்தை அரசு உடல்நலத்துக்குச் செலவிடும் என்று 2017 தேசியக் கொள்கை சொன்னது. 2025தான் கெடு. 2021-22இல் நாம் செலவிட்டது 2 சதவீதத்துக்கும் கீழே. அந்த ஆண்டு வைத்தியச் செலவில் ஏறக்குறைய நூற்றுக்கு 40 ரூபாய் நோயாளியின் மடியிலிருந்துதான் போனது. ஊர் மக்களை அரசு மருத்துவத்தோடு இணைக்கும் ஆஷா பணியாளர்களுக்கு இன்றுவரை மத்திய அரசு தருவது ஊக்கத்தொகைதான், நிரந்தரச் சம்பளம் கிடையாது.

வட்டார மருத்துவ அலுவலர் அம்மாவைச் சங்கடப்படுத்த நான் இதைச் சொல்லவில்லை. காலியிடத்தை நிரப்புவது அவர் கையில் இல்லை. மேலே இருப்பவர்களிடம் அவர் எழுதிக் கேட்கும்போது, பின்னால் ஊரே நிற்கிறது என்று காட்டுவது நம் கையில் இருக்கிறது. அதைச் செய்யும் உரிமையும் நமக்கு உண்டு. சீனக் கிராமத்தில் ஒரு விவசாயி எழுந்து நின்று அரசாங்கத்தைக் கேள்வி கேட்க எவ்வளவு யோசிக்க வேண்டும்! நமக்கு ஆண்டுக்குப் பல முறை கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாம் நம்முடைய நாட்கள். நம்மில் எத்தனை பேர் போகிறோம்?

அதனால் இந்தக் கூட்டத்தின் சார்பில் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். அடுத்த கிராம சபையில் ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரே தீர்மானம் வர வேண்டும். எங்கள் துணை சுகாதார நிலையத்துக்கு நிரந்தரச் செவிலியர் வேண்டும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவிலும் டாக்டர் இருக்க வேண்டும். தீர்மானத்தை வாயால் சொன்னால் போதாது, பதிவேட்டில் எழுதச் சொல்லி, படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தீர்மான மாதிரியை அச்சடித்து வாசல் மேசையில் வைத்திருக்கிறோம். ஊராட்சிக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் ஒன்று கொண்டுபோய்க் கொடுங்கள். அங்கேயே ஒரு நோட்டும் இருக்கிறது. உங்கள் ஊரில் செவிலியர் இடம் எத்தனை மாதமாகக் காலியாக இருக்கிறது என்பதை அதில் எழுதிவிட்டுப் போங்கள். அதைத் தொகுத்து நாங்களே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

நன்றி, வணக்கம்.